பறந்துகொண்டே வடகடலின் குளிரை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தில் பறந்துகொண்டே கடல்நீரின் சூட்டைத் தொடாமல் அளக்கும் கருவி அகச்சிவப்பு மானி. செட்டிநாட்டுப் பள்ளி, கல்லூரிகளில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுவயலிலும் அதே சந்தேகங்கள், பெரும்பாலும் அதே வார்த்தைகளில். கேட்டவர் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். வடகடல் என்று சொல்வது வட அட்லாண்டிக், ஆர்க்டிக் பக்கத்துக் குளிர்க்கடல்களை. வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் டிகிரியில். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. தண்ணியைத் தொடாம அதோட சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பாக? தெர்மாமீட்டரைக் கயித்துல கட்டி இறக்குவாகளா?

கயிறு இல்லை. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற அளவில் அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். விறகடுப்புக்கு எதிரே தள்ளி நின்றாலும் முகத்தில் உறைக்கிறதே, அதே சங்கதிதான். பனிக்கட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் கடல்நீரும் கதிர் விடுகிறது. கொஞ்சம் குறைவாக, அவ்வளவே. பூஜ்ய டிகிரியில் இருக்கும் நீர் அதிகமாகக் கதிர் விடும் அலைநீளம் 10.6 மைக்ரானுக்குப் பக்கம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விமானத்தின் அடிவயிற்றில் கீழ்நோக்கி வைத்த ரேடியோமீட்டர், அதாவது நம் அகச்சிவப்பு மானி, அந்த அலைநீளத்தில் வரும் கதிரை வாங்கி, அதன் வலிமையிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடும்.

நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. உறைநிலைக்குப் பக்கத்தில் நீரின் சூடு 1 டிகிரி மாறினால் 11 மைக்ரானில் கதிர் ஏறக்குறைய 1.75 சதவீதம்தான் மாறுகிறது. அப்படியானால் கதிரை அளப்பதில் 1 சதவீதம் பிசகினாலே அரை டிகிரிக்கு மேல் போச்சு. கீழே வரும் தொல்லைகள் எல்லாம் இங்கிருந்து கிளம்புபவைதான்: மானிக்குள் நுழைந்த கதிரில் எவ்வளவு தண்ணீருடையது, எவ்வளவு வேறு எங்கிருந்தோ வந்தது?

2. கொரோனா நேரத்துல கடைவாசல்ல நெத்தியில காட்டுன துப்பாக்கியையே பிளேன் ஜன்னல் வழியாக் காட்டிட்டா என்ன?

ஜன்னல் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கண்ணாடி, 10 மைக்ரான் கதிருக்குச் சுவர். வீட்டில் பழைய பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் துப்பாக்கியை அதில் காட்டிப் பாருங்கள். எதிர்ச்சுவரோ உங்கள் முகமோ கண்ணுக்கு அதில் பளிச்சென்று தெரியும். ஆனால் மானியில் வருவது பெரும்பாலும் கண்ணாடியின் சூடு மட்டும்தான். அதனால் விமானத்தின் தரையில் துளை போட்டு, திறந்தபடியே மானியைக் கீழே பார்க்க வைப்பார்கள். உள்ளே காற்றழுத்தம் ஏற்றிப் பறக்கும் விமானமாக இருந்தால் துளையை மூடியாக வேண்டும். அதற்கு ஜெர்மானியம், ஜிங்க் செலினைடு போன்ற, இந்தக் கதிரை விடும் பொருளில் ஜன்னல் போடுவார்கள்.

இன்னொன்று, கடைத் துப்பாக்கி 1, 2 டிகிரி பிசகும். அறைச் சூட்டில் இருந்து மைனஸ் 15 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் உடம்பே குளிர்ந்து, பிசகு இன்னும் கூடும். விமான மானிகள் தன் உடம்பின் சூட்டையும் சேர்த்து அளந்து கழிக்கும்படி செய்யப்பட்டவை. உள்ளேயே சூடு தெரிந்த கறுப்புக் குழி ஒன்றை நொடிக்குப் பலமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் வகைகளும் உண்டு.

3. கொதிக்கிற இட்லிக் குண்டான்ல காட்டினேன், 40தான் காட்டுது. மானி பழுதா?

மானி நல்லாத்தான் இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் தன் சூட்டுக்கு விட வேண்டிய கதிரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விடும். மீதிக்கு அடுக்களைச் சுவரின் கதிரைப் பிரதிபலிக்கும். நீங்கள் படித்த 40 பெரும்பாலும் சுவரின் சூடு. அதே குண்டானின் அடியில் கரி பிடித்த இடத்தில் காட்டுங்கள், எண் 100 பக்கம் ஏறிவிடும். இந்தப் பங்குக்கு உமிழ்திறன் என்று பெயர். கரிக்கு ஏறக்குறைய 0.95, பளபளக்கும் உலோகத்துக்கு 0.1 அல்லது அதற்கும் கீழே.

நல்லவேளையாகக் கடல்நீர் கரிச்சட்டி மாதிரி. நேர் மேலிருந்து பார்த்தால் 10 முதல் 12 மைக்ரான் வரை அதன் உமிழ்திறன் 0.985க்கும் 0.99க்கும் பக்கத்தில் நிற்கும். மிச்சம் 1, ஒன்றரை சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. அது செய்யும் வேலையை 9ஆம் கேள்வியில் பாருங்கள்.

4. எதுக்கு அவ்வளவு தூரம் வடக்க போகணும்? நம்ம தொண்டிக் கடலை அளக்கக் கூடாதா?

அளக்கலாம். ஆனால் இந்தத் தொழிலை வளர்த்தது பனிமலைகள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அந்த இடத்தில் நீர் மைனஸ் 2 டிகிரியை ஒட்டி இருந்தது. அதற்குப் பின் அமைந்த சர்வதேசப் பனிக்கட்டி ரோந்து, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் மிதந்து வரும் பனிமலைகளைக் கண்காணிக்கிறது. நடத்துவது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. 1946 முதல் விமானத்தில் போகிறார்கள். வடக்கிலிருந்து லாப்ரடார் நீரோட்டம் குளிரைக் கொண்டுவர, தெற்கிலிருந்து கல்ஃப் ஸ்ட்ரீம் சூட்டைக் கொண்டுவர, இரண்டும் அங்கே முட்டிக்கொள்கின்றன. சில பத்துக் கிலோமீட்டருக்குள் 10 டிகிரிக்கு மேல் மாறும். பூஜ்ய டிகிரி நீரில் கிடக்கும் பனிமலை வாரக்கணக்கில் நிற்கும். 10 டிகிரி நீருக்குள் வந்தால் சீக்கிரம் கரைந்து உடையும். எல்லைக்கோடு எங்கே என்று தெரிந்தால்தான் கப்பல்களுக்கு எச்சரிக்கை சொல்ல முடியும். கல்ஃப் ஸ்ட்ரீமின் ஓரத்தை விமானத்தில் இருந்து கதிர்வீச்சு மானியால் தேடிப் பார்த்ததை 1953இல் கடலியல் அறிஞர் ஹென்றி ஸ்டாமலும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள்.

தொண்டிக் கடலில் வேறு சிரமம். நம் காற்றில் தலைக்கு மேல் இருக்கும் ஈரத்தை எல்லாம் நீராக்கினால் மழைக்காலத்தில் 50 மில்லிமீட்டர் வரை வரும்; ஆர்க்டிக் குளிர்காலத்தில் 5 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நீராவிதான் இந்தக் கதிரைக் குடிப்பது. காற்றைப் பொறுத்தமட்டில் வடகடல் நம்முடையதைவிட எளிது.

5. தண்ணி ஜீரோவுலயே உறைஞ்சிடுமே, மைனஸ் 2ல எப்படித் தண்ணியா இருக்கும்?

உப்பு. ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு இருந்தால் மைனஸ் 1.9 டிகிரியில்தான் உறையும். ஆறுகள் கலந்து உப்புக் குறைந்த பால்டிக் கடலில், கிலோவுக்கு 6, 7 கிராம் இருக்கும் இடங்களில், மைனஸ் 0.4 பக்கமே உறைந்துவிடும். இந்த எண் 13ஆம் கேள்விக்குத் தேவைப்படும்.

6. எவ்வளவு உயரத்துல, எவ்வளவு வேகத்துல பறக்கணும்?

வழக்கம் 150 முதல் 300 மீட்டர். மானியின் பார்வைக்கோணம் 2 டிகிரி என்றால் 300 மீட்டர் உயரத்திலிருந்து கடலில் 10 மீட்டர் அகல வட்டம் தெரியும். 200 நாட் வேகம் நொடிக்கு 100 மீட்டர் சொச்சம். மானி பதில் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொண்டால், பதிவாவது 10 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் உள்ள பட்டையின் சராசரி. இதைவிடச் சின்ன விஷயத்தை அந்தப் பதிவில் தேடக் கூடாது.

இன்னும் தாழப் பறந்தால் காற்றின் குறுக்கீடு குறையும். ஆனால் உப்புத் தெறிப்பு லென்ஸில் ஏறும், கடற்பறவைகள் வரும், எஞ்சினில் கோளாறு என்றால் விமானிக்கு யோசிக்கவும் நேரம் இருக்காது.

7. புறப்படுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

முதலில் காலிபரேஷன், அதாவது சூடு தெரிந்த ஒன்றைக் காட்டி மானியின் எண்ணைச் சரிபார்ப்பது. ஒரு தொட்டியில் உப்புநீர் நிரப்பி, விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் உட்புறம் மங்கல் கறுப்புப் பூசிய செப்புக் கூம்பு ஒன்றை, வாய் மட்டும் வெளியே தெரிய அமிழ்த்துவார்கள். கூம்பின் உள்ளே கதிர் பலமுறை பட்டுத் திரும்புவதால் உமிழ்திறன் 1க்கு மிக நெருங்கிவிடும். அதுதான் மானிக்குக் காட்டும் இலக்கு. நீரின் சூட்டைப் பிளாட்டினம் வெப்பமானி சொல்லும். மைனஸ் 2, பிளஸ் 5, பிளஸ் 12 என்று மூன்று புள்ளிகளிலாவது ஒப்பிட வேண்டும். அதோடு விட்டால் பாதி வேலைதான். மானியின் உடம்பை 20, 5, மைனஸ் 15 டிகிரிகளில் ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரமாவது ஊறவைத்து அதே மூன்று புள்ளிகளைத் திரும்ப எடுங்கள். பறக்கும்போது மாறப்போவது உடம்பின் சூடுதான். அறையில் மட்டும் எடுத்த காலிபரேஷன் வானத்தில் உதவாது.

கூம்பு கைவசம் இல்லை என்றால் நொறுக்கிய ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த வாளி, பூஜ்யம் காட்டும். அதைக் கொட்டகைக்குள் வைத்துச் செய்யுங்கள். வெட்டவெளியில் செய்தால் வாளிநீரில் பிரதிபலிக்கும் வானம் எண்ணை இழுத்துவிடும். ஐஸ் துண்டுகள் மேலே மிதந்து மானியின் பார்வையில் படாமல் கலக்கிக்கொண்டே படிக்க வேண்டும்.

பிறகு லென்ஸ். உயரக் குளிரில் பறந்துவிட்டுத் தாழ இறங்கினால், கீழே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் வியர்த்து உறையும்; பதிவு மெதுவாக ஒரே பக்கம் நகரும், பார்ப்பவருக்குக் கடல் குளிர்வது போலத் தெரியும். லென்ஸைச் சுற்றிச் சின்ன ஹீட்டரும் உலர்காற்று ஊதலும் இதற்குத்தான். விமானத்தின் அடிவயிற்றில் எண்ணெய்க் கசிவு இல்லாத விமானம் அபூர்வம்; எண்ணெய்ப் படலம் ஒட்டாதபடி மானிக்கு முன்னால் தடுப்புத் தகடு வையுங்கள். எஞ்சின் புகை பார்வைக்குள் வராத இடமா என்றும் பாருங்கள். கடைசியாக, மானியின் கடிகாரமும் ஜிபிஎஸ் கடிகாரமும். 5 நொடி தள்ளியிருந்தால் நீரோட்டத்தின் ஓரம் அரைக் கிலோமீட்டர் தள்ளி வரைபடத்தில் உட்காரும்.

8. நடுவுல காத்து இருக்கே, அதுவும் கதிர் விடாதா?

விடும். வருகிற கதிரில் கொஞ்சத்தைக் குடித்து, தன் சூட்டுக்கு ஏற்ற கதிரை அதற்குப் பதில் போட்டு அனுப்பும். 300 மீட்டர் காற்று 2 சதவீதம் குடிக்கிறது, காற்று நீரைவிட 10 டிகிரி குளிர் என்றால், மானி 0.2 டிகிரி குறைத்துக் காட்டும். வெதுவெதுப்பான காற்று குளிர்நீர் மேல் வீசினால் அதே அளவு கூட்டிக் காட்டும்.

அளந்தே திருத்துவதுதான் சிறந்தது. ஒரே கோட்டில் 100, 300, 600 மீட்டர் என மூன்று உயரத்தில் திரும்பத் திரும்பப் பறந்து, மூன்று எண்ணையும் வரைதாளில் வைத்து, கோட்டைப் பூஜ்ய உயரத்துக்கு நீட்டினால் கடல்மட்டத்தில் மானி என்ன காட்டியிருக்கும் என்பது கிடைக்கும். மூன்று ஓட்டமும் அரை மணிக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் கடலே மாறிவிடும். 9.6 மைக்ரானில் ஓசோன் குறுக்கே நிற்கும். தாழப் பறக்கும் விமானத்துக்குக் கீழே ஓசோன் குறைவுதான் என்றாலும், வானத்திலிருந்து வரும் கதிரில் அதன் பங்கு இருப்பதால் அந்த இடத்தை வடிகட்டி தவிர்ப்பது நல்லது.

9. மேகம் இருந்தா ஒரு எண்ணு, விலகினா ஒரு எண்ணு காட்டுதாமே. தண்ணி அப்படியேதானே கெடக்கு?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 3ஆம் கேள்வியில் சொன்ன ஒன்றரை சதவீதப் பிரதிபலிப்பு இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. நீரிலிருந்து வருவது 98.5 பங்கு, நீரில் பட்டுத் தெறித்த வானம் 1.5 பங்கு. மேகம் இல்லாத ஆர்க்டிக் வானம் இந்த அலைநீளத்தில் மைனஸ் 70 டிகிரிப் பொருள் போல நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குளிர்வானம் பூஜ்ய டிகிரி நீர் விடும் கதிரில் ஐந்தில் ஒரு பங்குதான் விடும். கணக்குப் போட்டால் மானி 0.7 டிகிரி குறைத்துக் காட்டும். தாழ்ந்த மேகம் மூடி, அதன் அடிப்பக்கம் மைனஸ் 5 டிகிரி என்றால் பிசகு 0.1க்கும் கீழே.

ஆக, ஒரே சூட்டில் கிடக்கும் கடலின் மேல் மேகத்தின் ஓரத்தைத் தாண்டிப் பறந்தால், பதிவில் 0.6 டிகிரிப் படி ஒன்று விழும். பழக்கம் இல்லாதவர் அதை நீரோட்டத்தின் எல்லை என்று குறித்துவிடுவார். தப்பிக்க, அதே அலைநீளத்தில் மேல்நோக்கிப் பார்க்கும் இரண்டாவது மானியை விமானத்தின் முதுகில் வைப்பார்கள். இரண்டு கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தால், வானத்துக் கோடு துள்ளும் அதே நொடியில் கடல்கோடும் துள்ளுகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது மானி இல்லையென்றால், திரும்பி வரும்போது அதே இடத்தைப் பாருங்கள். நீரோட்டம் அங்கேயே இருக்கும், மேகம் நகர்ந்திருக்கும்.

துளை வழியாகக் குனிந்து "கடல் கலங்கலா இருக்கு, தெளிவா இருக்கு" என்று குறிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் வானம் எப்படி என்று ஒரு வரி எழுதி வைத்தால் எவ்வளவோ உபயோகம்.

10. கப்பல்ல வாளியில மொண்டு அளந்தா வேற எண்ணு வருதாம். யார் சொல்றது சரி?

இரண்டும் சரி. அளந்த நீர்தான் வேறு. ஆறப்போட்ட கவுனி அரிசியின் மேலே விரல் வைத்தால் ஆறிப்போன மாதிரி இருக்கும். கரண்டியை விட்டுப் புரட்டினால் உள்ளே சுடும். கடலும் மேற்பரப்பு வழியாகத்தான் சூட்டை இழக்கிறது. மானிக்கு வரும் கதிர் நீரின் மேல்தோலில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழத்தில் இருந்து கிளம்புவது. வாளி அரை மீட்டர் ஆழத்து நீரை மொள்கிறது. கப்பலின் எஞ்சினுக்குக் குளிர்விக்க இழுக்கும் நீர் 5, 10 மீட்டர் ஆழத்தது.

தோல் எவ்வளவு குளிர் என்பதற்குக் கணக்கு உண்டு. குளிர்காற்று சதுரமீட்டருக்கு 300 வாட் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, கலங்காத தோலின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், தோல் கீழே இருப்பதைவிட 0.27 டிகிரி குளிர்ந்திருக்கும். காற்று நொடிக்கு 6 மீட்டரைத் தாண்டினால் தோல் மெலிந்து, வித்தியாசம் 0.2க்குப் பக்கத்தில் ஏறக்குறைய நிலையாக நின்றுவிடும். வெயிலடித்து, காற்றே இல்லாத கோடைப்பகலில் நிலைமை தலைகீழ்: மேல் ஒரு மீட்டர் நீர் கீழே இருப்பதைவிட 2 டிகிரி கூடச் சூடாகும், வடக்கிலும்தான். ஒப்பிட நினைப்பவர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஆழத்தையும் நேரத்தையும் காற்று வேகத்தையும் எழுத வேண்டும். துணிவாளியாக இருந்தால் அதையும். ஈரத்துணி வழியாக நீர் ஆவியாகி, தளத்தில் வைத்துப் படிக்கும் நேரத்துக்குள் குளிர்ந்துவிடும். நம் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே காரணம்.

11. பிளேன் திரும்புறப்ப வர்ற எண்ணை எல்லாம் ஏன் தூக்கிப் போடுறாக?

சாய்ந்தால் பார்வை சரியும். நேர் கீழே 0.985 இருந்த உமிழ்திறன் 60 டிகிரிச் சரிவில் 0.95 பக்கம் இறங்கிவிடும்; பிரதிபலிப்பு மூன்று மடங்கு, காற்றின் வழி இரண்டு மடங்கு. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த நொடிகளை வெட்டிவிடுவதே நல்லது.

12. மூடுபனி இருந்தா?

மூடுபனியின் மேற்பரப்பைத்தான் அளப்பீர்கள். கிராண்ட் பேங்க்ஸ் மூடுபனிக்குப் பேர்போன இடம்; கல்ஃப் ஸ்ட்ரீம் பக்கத்து ஈரக்காற்று லாப்ரடார் குளிர்நீர் மேல் வந்ததும் கட்டிவிடும். அடர்ந்த பனியில் மானியை அணைத்துவிட்டு 14ஆம் கேள்வியில் வரும் குழாயைப் போடுங்கள். மெல்லிய பனிதான் ஆபத்து: கண்ணுக்குக் கடல் தெரியும், எண்ணும் நம்பும்படி இருக்கும், ஆனால் பாதி பனியினுடையது.

13. ஐஸ் எது, தண்ணி எதுன்னு மானி பிரிச்சுச் சொல்லுமா?

குளிர்காலத்தில் சொல்லும். பனிக்கட்டியின் மேல் கிடக்கும் வெண்பனி மைனஸ் 25 என்றால், அதன் நடுவே விரிசலில் தெரியும் நீர் மைனஸ் 1.8. வானத்தைத் திருத்திய பிறகும் எண் மைனஸ் 2க்குக் கீழே வந்தால் அது திறந்த நீர் இல்லை. 5ஆம் கேள்வியைப் பாருங்கள். மைனஸ் 10 என்று வந்தால் அவசரப்படாதீர்கள். பார்வை வட்டத்தில் பாதி மைனஸ் 20 பனி, பாதி நீர் என்றாலும் ஏறக்குறைய அந்த எண்தான் வரும்.

கோடையில் கதை மாறும். உருகும் பனிக்கட்டியின் மேல் தேங்கிய குட்டை நல்ல தண்ணீர், பூஜ்ய டிகிரி. சுற்றியுள்ள கடல் மைனஸ் 1.5. மானியை மட்டும் நம்பினால் சூடாக இருப்பது பனிக்கட்டி, குளிர்ந்திருப்பது கடல்! பனிக்கட்டியின் உமிழ்திறனும் நீருடையதை ஒட்டியே இருப்பதால் கதிரை வைத்துப் பிரிக்க வழியில்லை. பக்கத்தில் ஒரு சாதாரண கேமராவைக் கட்டாயம் வையுங்கள். பனிக்கட்டியால் ஓர் உபகாரமும் உண்டு: உப்பு அளவு தெரிந்த இடத்தில், இப்போதுதான் உறையத் தொடங்கும் விரிசல்நீர் எந்த டிகிரியில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். வானத்திலேயே கிடைக்கும் காலிபரேஷன் அது.

14. மேல்தோலு மட்டும்தானா? ஆழத்துச் சூட்டை பிளேன்ல இருந்து பார்க்க வழியே இல்லையா?

உண்டு. 91 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் சொச்சம் விட்டம் உள்ள குழாய் ஒன்றைச் சின்னப் பாராசூட்டோடு போடுவார்கள். கடல்நீர் பட்டதும் பேட்டரி உயிர் பெறும், ஆன்டெனா மிதக்கும், உள்ளிருந்து ஒரு முனை மெல்லிய கம்பியை அவிழ்த்துக்கொண்டே நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இறங்கும். அதன் வெப்ப உணரி அனுப்பும் ஒலி, ரேடியோ வழியாக விமானத்துக்கு வரும். கணக்கு எளிது: டிகிரியை 36ஆல் பெருக்கி 1440 கூட்டினால் ஹெர்ட்ஸ். மைனஸ் 1.8 டிகிரி நீர் 1375 ஹெர்ட்ஸில் பாடும். தொண்டியில் 28 டிகிரி நீரில் போட்டால் 2448. காதில் மாட்டிக்கொண்டு கேட்டாலே சூடு இறங்குவது ராகம் இறங்குவது போலத் தெரியும்.

300 மீட்டர் இறங்க 200 நொடி. அதற்குள் விமானம் 20 கிலோமீட்டர் போய்விடும் என்பதால் ரேடியோ எட்டும் தூரத்தைப் பார்த்து வளைந்து பறக்க வேண்டும். பனிக்கட்டியின் மேல் விழுந்தால் குழாய் போச்சு. முதல் சில மீட்டர் எண்ணை நம்ப வேண்டாம். விமானத்துக்குள் கதகதப்பாக இருந்த முனை குளிர நேரம் எடுக்கும். மேல்தோலுக்கு மானி, ஆழத்துக்குக் குழாய்; ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

15. கிரீன்லாந்துல மேல குளிரா, கீழ சூடா இருக்குதாம். சூடு மேலதானே வரணும்?

உப்பு சமமாக இருந்தால் வரும். உறைநிலைக்குப் பக்கத்தில் சூடு மாறினால் நீரின் எடை சொற்பம்தான் மாறும். உப்பு மாறினால் நன்றாக மாறும். பனி உருகிய உப்புக் குறைந்த குளிர்நீர் மேலே மிதக்க, அட்லாண்டிக்கில் இருந்து வந்த 3, 4 டிகிரி உப்புநீர் 200 மீட்டருக்குக் கீழே கிடந்து பனிப்பாறைகளின் காலை அரிக்கிறது. நாசா 2016 முதல் 2021 வரை கோடைதோறும் கிரீன்லாந்தைச் சுற்றி விமானத்தில் இருந்து, சூட்டோடு உப்பையும் அளக்கும் குழாய்களைப் போட்டது இதைப் பார்க்கத்தான். மேல்தோலை மட்டும் அளந்திருந்தால் அந்தச் சூடு கண்ணில் பட்டிருக்காது.

16. சாட்டிலைட்டுதான் தினமும் பார்க்குதே, பிளேனுக்கு எதுக்கு வீண் செலவு?

நம் மீனவர்களுக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் சொல்லும் மீன்வள இடக் குறிப்புகளுக்குச் செயற்கைக்கோள் சூடு ஓர் அடிப்படை. அங்கே விமானம் தேவையில்லை. வடகடலில் மேகம் வாரக்கணக்கில் மூடும், அகச்சிவப்புச் செயற்கைக்கோள் மேகத்தின் முதுகைத்தான் பார்க்கும். மைக்ரோவேவ் மேகத்தைத் துளைக்கும், ஆனால் அதன் ஒரு புள்ளி பத்துக் கணக்கான கிலோமீட்டர் அகலம். கரையோரத்திலும் பனி ஓரத்திலும் கலங்கிவிடும். விமானம் மேகத்துக்குக் கீழே போய் 100 மீட்டர் நுணுக்கத்தில் எழுதும். செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்க்கவும் அதுவே அளவுகோல்.

விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஓரிடத்தை வருடம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்றால் நங்கூரமிட்ட கருவி போதும். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இல் தொடங்கியது; பக்கத்துக் காங்ஸ்ஃபியார்டு என்ற கடற்கிளையில் 2014இல் இண்டார்க் என்ற கருவித்தொடரை நீருக்குள் நிறுத்தினார்கள். அதைச் செய்ததில் சென்னைப் பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்குண்டு. அது ஓரிடத்தின் நாட்குறிப்பு. விமானம் ஒருநாளின் நெடுங்கோடு.

17. இதெல்லாம் நம்ம ஊருணியில செஞ்சு பார்க்க முடியுமா?

தாராளமாக. உமிழ்திறனை மாற்ற வசதியுள்ள மானியாக வாங்கி 0.98 வையுங்கள். பெட்டியில் 12க்கு 1 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 8 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது என்று பொருள். படித்துறையின் கடைசிப் படியில் நின்று, கையை நீட்டி, நேர் கீழே காட்டுங்கள். குனிந்து நீரில் உங்கள் முகம் தெரிகிற மாதிரி நிற்க வேண்டாம். அந்த முகத்தின் கதிரும் 2 சதவீதம் உள்ளே போகும். அதே இடத்தில் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு சாதாரண வெப்பமானியால் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, காற்றில்லாத மதியம் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் மானியைத் தலைக்கு மேல் திருப்பி வானத்தின் எண்ணையும் குறியுங்கள், சூரியன் பக்கம் மட்டும் காட்டாதீர்கள். தெளிந்த வானம் சுற்றுக்காற்றைவிட மிகக் கீழே ஓர் எண் காட்டும். அதே மானியை நகரும் வெண்மேகத்தின் மேல் கொண்டுபோனால் எண் சட்டென்று ஏறும். பத்து நாள் குறித்தபின் மூன்று பத்திகளையும் வரைந்து, வாளிக்கும் மானிக்கும் உள்ள வித்தியாசம் எந்தெந்த நாளில் கூடுகிறது என்று வானத்துப் பத்தியோடு வைத்துப் பாருங்கள்.